கழுத்து திரும்பாத பக்கம்

நான் யாரையும் வெள்ளிக்கிழமை வேலையை விட்டு அனுப்பியதில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் அந்த ஆள் சனியும் ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவான். மற்ற அணிகளுக்குப் போன் போடவும் முடியாது, மனைவி முகத்தைப் பார்க்கவும் முடியாது. செவ்வாய் என்றால் புதன் காலையிலேயே வேறு இடம் தேடத் தொடங்கலாம். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. நானூறு பேரையாவது அனுப்பியிருப்பேன், எல்லாரும் செவ்வாய்க்கிழமைதான். இந்த அக்கறை எங்கள் தொழிலில் வேறு யாருக்கு இருக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறதா, மேடம்? சரி. என் பெயர் வாரன் ஹல்க்ரென், டுலூத் அமெரிக்கக் கால்பந்து அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. ஆட்டம் நடக்கிற நாலைந்து மாதம் உலகம் பயிற்சியாளரைப் பார்க்கும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை மைதானம் காலியாகக் கிடக்கிற மாதங்கள் என்னுடையவை. அணி உருவாவது அப்போதுதான். அது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை, எனக்கு அதில் வருத்தமும் கிடையாது.

ராய்ஸ் கேன்ட்டைப் பற்றிக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்? அவர் பதினோரு வருடம் எங்கள் குவார்ட்டர்பேக். பந்து அவர் கையிலிருந்துதான் புறப்படும், மற்றவர்கள் அவர் சொல்கிற இடத்துக்கு ஓடுவார்கள். நான்கு வருடம் கேப்டனும் அவர்தான். எங்கள் அணியில் கேப்டனை நிர்வாகம் வைப்பதில்லை. ஆட்டக்காரர்கள் சீட்டில் எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டையின் மார்பில் ஒரு துணி வில்லை தைப்போம், வருடத்துக்கு ஒரு நட்சத்திரம். நல்ல மனிதர். யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள், நானும் சொல்வேன். நான் அவரை வெறுத்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறான தகவல்.

போன வருடம் ஜனவரியில் பருவம் முடிந்த மறுநாள், உடைமாற்றும் அறைக்குப் போனேன். அன்றைக்கு எல்லாரும் தங்கள் அலமாரியைக் காலி செய்து, ஷூ, படம், கடிதம் எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அணியில் என்னென்ன மாறப்போகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் திரும்பவில்லை. ஜரெல் ஸ்டோக்ஸ் என்று ஒருவன், எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து சாய்க்கிற எங்கள் தடுப்பு வரிசையிலேயே பெரிய ஆள், குனிந்தபடியே கேட்டான்:

"யாருடா அது, இன்சூரன்ஸ் விக்க வந்தவரா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூலையிலிருந்து ராய்ஸின் குரல் வந்தது. "டேய், சும்மா இருங்கடா. பாவம், மனுஷன் பேசட்டும்."

உடனே அமைதி. பைகளின் சரசரப்புகூட நின்றுபோயிற்று. நான் பதினோரு நிமிடம் பேசினேன், ஐம்பது பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கேட்டார்கள். முடிந்ததும் ராய்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் 'பாவம்' என்ற ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் அணிக்கு இரண்டு தலை இருக்க முடியாது என்று அன்று புரிந்தது. எங்கள் முதலாளியம்மா திருமதி ஓஸ்ட்பியிடம் எந்த யோசனையைக் கொண்டுபோனாலும், "ராய்ஸ் என்ன சொல்றான்?" என்றுதான் கேட்பார். இது நிர்வாகச் சிக்கல். நிர்வாகச் சிக்கலுக்கு நிர்வாக வழியில் தீர்வு தேடுவதுதான் என் வேலை.

ஏப்ரல் பயிற்சியில் இரண்டு விஷயம் கவனித்தேன். ராய்ஸ் தண்ணீர் பாட்டிலில் உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தார். பதினோரு வருடமாக அண்ணாந்து குடித்த ஆள். இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் திருப்பினார். மைதானத்தில் எண்பது பேர் இருந்தார்கள், யார் கண்ணிலும் இது படவில்லை. ஆட்களை உற்றுப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

எங்கள் விதி ஒன்றைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். காயம்பட்ட ஆட்டக்காரரை அணி கைவிட முடியாது. குணமாகும்வரை வைத்துக் கவனிக்க வேண்டும். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரை எந்த நிமிடமும் அனுப்பலாம். அதாவது, வலிக்கிறது என்று எழுதுவதுதான் அவர்களுக்குக் காவல். ஆனால் எழுத மாட்டார்கள். வலி என்று வாயைத் திறந்தால் இடம் போய்விடும் என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். விரல் ஒடிந்து தொங்கும், "ஒண்ணுமில்ல கோச்" என்பார்கள். அந்த ஒண்ணுமில்லையை வைத்துத்தான் நான் இருபத்திரண்டு வருடம் பிழைத்தேன்.

ஜூன் மாதம் ராய்ஸ் படிவத்தோடு இந்த அறைக்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"வாரன், உங்ககிட்ட ஒளிச்சு என்ன ஆகப்போகுது? இடது கையில ரெண்டு விரல் மரத்துப்போகுது. கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினா ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு. வனெட்டாகிட்டகூட இன்னும் சொல்லல."

வனெட்டா அவர் மனைவி.

"டாக்டர்கிட்ட?" என்றேன்.

"உங்ககிட்டதான் முதல்ல வந்திருக்கேன். இதை எழுதணுமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். "மேல உங்க வயசைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க, ராய்ஸ். முப்பத்தஞ்சு ஆச்சேன்னு. பேப்பர் சுத்தமா இருந்தா உங்களுக்காக நான் சண்டை போடலாம். இல்லேன்னா என்னால என்ன பேச முடியும்? ஆனா எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம்."

மேலே யாரும் அப்படிப் பேசவில்லை. முதலாளியம்மா அவரை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருந்தார். நான் சொன்னது பொய், ஒப்புக்கொள்கிறேன். பதினேழு கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். எழுந்து கை கொடுத்தார். "நீங்க நல்ல மனுஷன், வாரன். பசங்ககிட்ட நான் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்." வலி இல்லை என்று எழுதியவருக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத வேண்டியிருக்கும்.

அப்போதே ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். கோடையில் அவர் தேவைப்பட்டார். கல்லூரியிலிருந்து எடுத்திருந்த புது குவார்ட்டர்பேக்குக்கு எங்கள் ஆட்ட முறை முழுவதையும் அவர்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஜரெல் ஒப்பந்தம் முடிந்து டெக்சஸுக்குப் போவதாக இருந்தான், அவன் ஊர் அது. ஜரெல் போனால் தடுப்பு வரிசை படுத்துவிடும். நான் ராய்ஸிடம் சொன்னேன். அவர் ஏரிக்கரை வீட்டுக்கு அவனைக் கூப்பிட்டு மீன் வறுத்துப் போட்டார். நானும் போயிருந்தேன்.

"ஊருக்குப் போய் என்னடா பண்ணப்போற? மாடு மேய்க்கப்போறியா?"

"இங்க இருந்தா மட்டும் என்ன பெரிசு? பனியைத் தள்ளித் தள்ளியே முதுகு போச்சு."

"நான் இருக்கேன்ல. நான் இருக்கிற வரைக்கும் நீயும் இரு."

மறுநாள் ஜரெல் கையெழுத்துப் போட்டான். மார்ச்சில் மூன்று அணிகள் ராய்ஸைக் கேட்டு எனக்குப் போன் செய்திருந்தன. அவர் எங்கும் போகமாட்டார் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்டுக்குள் மூன்றுமே வேறு ஆட்களை அமர்த்திக்கொண்டன.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை கேப்டன் தேர்தல். சீட்டுகளை நான்தான் எண்ணினேன். ஐம்பத்து மூன்றில் ஐம்பத்தொன்று ராய்ஸுக்கு. ஐந்தாவது நட்சத்திரம் வைத்து வில்லையும் தைத்து வந்துவிட்டது. மறுநாள் செவ்வாய். ஆட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள் என்று ஆள் அனுப்பினேன். எங்கள் தொழிலில் அந்தச் சொல் வந்தால் வேலை போயிற்று என்று அர்த்தம். அது எல்லாருக்கும் தெரியும், மற்றவர்களுக்கு வரும்போது. ராய்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எத்தனை ஓட்டு?"

"ஐம்பத்தொண்ணு."

"அப்போ ரெண்டு பேர் துரோகி. ஒருத்தன் நான்தான், எனக்கு நானே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? இன்னொருத்தன் யாரு, அந்த ஜரெல் தடியனா?"

நான் புத்தகத்தின் மேல் கை வைத்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதை மார்ச்லயே சொல்லியிருக்கலாமே, வாரன்."

"மார்ச்ல நீங்க தேவைப்பட்டீங்க."

உண்மையைத்தான் சொன்னேன்.

"என் கழுத்து... உங்களுக்குத் தெரியுமே."

"பேப்பர்ல அப்படி எதுவும் இல்லையே, ராய்ஸ்."

அவர் எழுந்து, உடம்பு முழுவதையும் திருப்பிக் கதவைப் பார்த்து நடந்தார். கீழே போய்ச் சமையல்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, குப்பைப் பையோடு கிளம்பினாராம். நான் சன்னலிலிருந்து பார்க்கவில்லை.

முதலாளியம்மாவுக்கு மறுநாள்தான் தகவல் சொன்னேன். அத்தோடு முடிந்திருக்கும். அக்டோபரில் கிராண்ட் ரேப்பிட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குக்குக் கால் முறிந்தது. அவர்களுடைய மேலாளர் எனக்குப் போன் செய்தார். "ராய்ஸ் வீட்டுல சும்மாதான் இருக்கார்னு கேள்விப்பட்டோம். உடம்பு எப்படி?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "முழுசா நல்லா இருக்கார். பேப்பர் அனுப்பறேன்" என்றேன். பதினேழு 'இல்லை'யும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அவசரத்தில் இருந்தார்கள், அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ராய்ஸும் வழக்கம்போல ஒண்ணுமில்லை என்றிருப்பார்.

நவம்பரில் அவர்கள் இங்கே ஆட வந்தார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை எங்கள் தடுப்புப் பயிற்சியாளருக்கு ஒரு துண்டுத் தாள் எழுதினேன். எதிரணியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து எழுதித் தருவது குற்றமில்லை, எல்லா அணியும் செய்வதுதான். "கேன்ட்டுக்கு இடது பக்கம் கழுத்து திரும்பாது. வருவது தெரியாது. ஜரெல் ஸ்டோக்ஸை அங்கிருந்து விடவும்." அவ்வளவுதான். ஜரெலுக்குக் காரணம் சொல்ல வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் வாயால் சொன்னேன்.

ஞாயிறு மதியம். நல்ல வெயில், காற்றில்லை. ராய்ஸ் மைதானத்துக்குள் வந்தபோது எதிரணிச் சட்டையில் வந்தவரை எங்கள் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் கால்பகுதி வரை அவர் நன்றாகவே ஆடினார். பிறகு ஒரு முறை பந்தை எறியக் கையை ஓங்கினார். ஜரெல் இடது பக்கமிருந்து வந்தான். நூற்று இருபத்தைந்து கிலோ, முழு ஓட்டம். மற்ற எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக் குனிந்திருப்பான். விதிப்படி நியாயமான அடி, நடுவர்கள் கொடி போடவில்லை.

ஜரெல் முதலில் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். "எழுந்திரு பெரிசு, பாத்துக்கிட்டே இருக்காங்க." அவன் வாய் அசைந்ததைப் பெரிய திரையில் எல்லாரும் பார்த்தோம். அந்தக் கையைப் பிடிக்க ராய்ஸின் கை வரவில்லை. அதற்குப் பிறகு ஜரெல் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான், வண்டி வந்து தூக்கிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

டிசம்பரில் ஜரெல் அந்தத் துண்டுத் தாளோடு இங்கே வந்தான். "கேப்டன் கழுத்து உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். தேவையில்லாமல் நான் பொய் சொல்வதில்லை. அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அத்தோடு ஆட்டத்தை விட்டுவிட்டான். தாள் உங்களிடம் வந்தது அவன் மூலமாகத்தான் இருக்கும்.

சரி, நீங்கள் கேட்ட மாதிரியே சொல்கிறேன். கழுத்து கெட்டிருப்பது எனக்குத் தெரியும். காயத்தை எழுதவிடாமல் செய்தது நான். அவரை ஆடவைக்கலாம் என்று அடுத்த அணியை நம்பவைத்தது நான். அடி எந்தப் பக்கமிருந்து, யார் கையால் விழ வேண்டும் என்று எழுதிக்கொடுத்ததும் நான். விழுவார் என்று தெரியும். எழுந்திருப்பாரா என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என்னை மனசாட்சி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து நட்சத்திர வில்லை இந்த இழுப்பறையில் இன்னும் பத்திரமாக இருக்கிறது, பாருங்கள். செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று காசு சுண்டிவிட ராய்ஸை அழைத்திருக்கிறேன். வனெட்டாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, வந்துவிடும். சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்குப் போவேன். வில்லையை அவர் மார்பில் நானே குத்திவிடுவேன், காசையும் அவருக்காக நானே சுண்டிவிடுவேன். அறுபதாயிரம் பேர் எழுந்து கத்துவார்கள். நான் கையை உயர்த்தி அவர்களை அமைதியாக இருக்கச் சொல்லுவேன், ராய்ஸ் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று. பாவம், மனிதர்.