பாலம் பறக்கணும்

…வந்ததும் வராததுமா ப்ளேன் எங்கன்னு கேட்டா நான் என்னத்த சொல்ல தம்பி? மொதல்ல வண்டி எஞ்சின நிறுத்துங்க. நான் பேசறது எனக்கே கேக்கல. ஆங்… இப்ப சரி. பாலத்தக் கொண்டாந்துட்டீங்கல்ல, உங்க வேலை முடிஞ்சுது. இந்த நிழல்ல இப்படி உக்காருங்க. பட்டாளத்துக்காரங்கன்னாலே இப்படித்தான், எல்லாத்துக்கும் அவசரம். இந்த சரக்குக் கொட்டகையில உக்காந்து எத்தன பேருக்கு ப்ளேன் பிடிச்சுக் குடுத்திருக்கேன், ஒருத்தராவது மெதுவா அனுப்புங்கன்னு சொல்லியிருக்கணுமே? ஊஹூம்.

காலையில இன்னும் பல்லுகூட வெளக்கல, உங்க கர்னல் போன் போடறாரு. கடலுக்கு அந்தாண்ட வெள்ளம் வந்து ஆத்துப்பாலத்த அடிச்சிட்டுப் போயிடுச்சாம், ராணுவத்தோட இரும்புப் பாலத்த இன்னிக்கே ப்ளேன்ல அனுப்பணுமாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? என் பொண்ணு அந்த ஊர்லதான தம்பி இருக்கா… நிறைமாசம். பிரசவம் பாக்கப் போன என் வீட்டுக்காரியும் கூட இருக்கா. ஆஸ்பத்திரி ஒரு கரையில, இவங்க ரெண்டு பேரும் இன்னொரு கரையில. மாப்பிள்ளை எந்தக் கரைன்னு கேக்காதீங்க. ஆஸ்பத்திரியில எடம் பிடிக்கறேன்னு முன்னாடியே போயிட்டாரு. இப்ப அந்தக் கட்டில்ல அவர்தான் படுத்திருக்காராம்.

அதனால இந்த வேலையில ஒரு கொறை இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். இருக்கறதுலயே பெரிய ப்ளேனாப் பாத்து வரவழைச்சேன். சரக்கு ஏத்த மூக்கக் கதவு மாதிரி அப்படியே மேல தூக்கிக்கும், ஒரு கல்யாண ஊர்வலமே உள்ள போயிட்டு வரலாம். சரி, இங்க ஏத்திடுவோம், அங்க யாரு இறக்குவா? அது சின்ன ஏர்போர்ட், க்ரேன் கெடையாது. உங்க கர்னல் யோசிச்சாரா? நான்தான் யோசிச்சேன். ஒரு க்ரேன ஏத்துனேன். ஏத்துனப்புறம் திக்குன்னுச்சு… இந்தக் க்ரேன யாரு இறக்கறது? அதுக்கு ஒரு குட்டிக் க்ரேன். குட்டிக் க்ரேன? ஆள் வெச்சுத் தள்ளிடலாம். ஆளுக்கு அங்க எங்க போறது, இங்கேருந்தே ஏத்துனேன். அவங்கள வெள்ளத்துலயா படுக்க வைக்கறது? கூடாரம், கட்டில், கொசுவலை… கொசுவலையில ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க. கடைக்காரன் ஒத்தைக் கட்டில் அளவுல இல்ல, ரெட்டைதான் இருக்குங்கறான். வேற வழி? கட்டில எல்லாம் எறக்கிட்டு ரெட்டைக் கட்டிலா ஏத்துனேன். அப்புறம் க்ரேனுக்கு டீசல். டீசல ப்ளேன்ல ஏத்தக்கூடாது, அங்க வாங்கிக்கலாம், எதுல பிடிப்பாங்க? காலி பீப்பா அடுக்குனேன். காலிதான்… ஆனா எடத்த அடைக்குதே.

நடுவுல இந்த ஏத்துக்கூலி மேஸ்திரி வந்து, அண்ணே பாலம் எப்ப வரும், பாலம் எப்ப வரும்னு நச்சரிக்கறாரு. எனக்கு வந்துச்சே கோவம். கடைசியா ஏத்துனதுதான்யா அங்க மொதல்ல இறங்கும், இது கூடத் தெரியாம என்ன மேஸ்திரின்னு கேட்டேன். அதுக்காகத்தான் தம்பி உங்கள மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதும்னு சொல்லச் சொன்னேன். அப்ப க்ரேன் எல்லாம் பாலத்துக்குப் பின்னாடி மாட்டிக்குமேன்னாரு மேஸ்திரி. இந்த மாதிரி அபசகுனமாப் பேசறவங்களால ஒரு வேலையும் நடக்காது.

அப்புறம்… அப்புறம் என்ன. ப்ளேன் ஓட்டற கேப்டன் வந்து எட்டிப் பாத்தாரு. ஏத்தக்கூடிய எடை முடிஞ்சுது, போதும்னுட்டாரு. மழை கட்டுது, இப்ப கெளம்பலேன்னா இன்னிக்குக் கெளம்ப முடியாதுன்னாரு. கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன் தம்பி. பாலம் வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்குங்கறேன், மனுஷன் மூக்க மூடிட்டாரு. அவர் மூக்க இல்ல, ப்ளேனோட மூக்க.

அதோ… அந்த மேகத்துக்கு அடியில ஒரு புள்ளி தெரியுதே, அதுதான் நீங்க கேட்ட ப்ளேன்.

அப்படிப் பாக்காதீங்க. என்ன… க்ரேன் எதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க, பாலத்த இறக்கத்தான். ஏன், இத லாரியில கட்டித்தான கொண்டாந்தீங்க? பாலத்தையே ஓட்டிட்டு வந்தீங்களா? இருங்க, குனிஞ்சு பாக்கறேன்… அட ஆமா. சக்கரம். அந்தப் பக்கமும் இருக்கு. அப்ப நீங்க ப்ளேனுக்குள்ள ஓட்டிட்டுப் போயி, அங்க ஓட்டிட்டே இறங்கி, ஆத்தங்கரையில போய் நீங்களே விரிச்சுப் போட்டிருப்பீங்க… ஒரு க்ரேனும் வேணாம். பாலம்னு சொன்னாங்களே தவிர, அதுக்குச் சக்கரம் இருக்குன்னு ஒருத்தராவது சொல்லணுமா இல்லையா? கர்னல் என்னமோ சொல்லத்தான் வந்தாரு. எனக்குத் தெரியும் சார்னு நான்தான் போன வெச்சுட்டேன்.

அடுத்த ப்ளேனா? இந்த அளவுல… நாளை மறுநாள்தான். அதுக்குள்ள பொண்ணுக்கு வலி எடுத்துட்டா என்ன பண்றது தம்பி?

ஐயோ, போன் அடிக்குது. வீட்டுக்காரிதான். ப்ளேன் கெளம்பிடுச்சு, கவலைப்படாதேன்னு அவகிட்ட அப்பவே சொல்லித் தொலைச்சேன். வலி எடுத்துடுச்சோ என்னவோ… எங்க எந்திரிக்கறீங்க? இந்தாங்க, இத மட்டும் எடுத்துப் பேசிட்டுப் போங்க, பட்டாளத்துக்காரர் குரல்னா கொஞ்சம் நம்புவா. எல்லாம் வந்துட்டிருக்குன்னு சொல்லுங்க. க்ரேன் வருது, ஆள் வருது, ரெட்டைக் கட்டில் வருது… பாலம் இங்க என்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க தம்பி.