இரண்டு இடைவெளி

பிஸ்கட் என் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பொருள் எதிலும் நான் கை வைத்ததில்லை.

பதினெட்டு வருஷமாக ஆவணப் பிரிவில் இருக்கிறேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், தூணை ஒட்டி என் இருக்கை. மெஷினைத் தேடி வருகிறவர்கள் உண்டு. என்னைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் மேனேஜர் கூப்பிட்டு, விடுப்புப் படிவம், பயணப் படிவம் எல்லாம் பொது ஃபோல்டரில் கிடக்கின்றன, கம்பெனியின் உள் இணையதளத்தில் அவற்றுக்கு லிங்க் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன்.

அதில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. சத்தியமாகத் தெரியாமல் செய்தது. என் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் 'இசட்' என்ற பெயரில் தெரியும். அது என் மேசைக்கு மட்டும் தெரிந்த பெயர். எங்கள் வீட்டில் பையனைக் குண்டு என்று கூப்பிடுவோம். தபால்காரரிடம் போய்க் குண்டு வீடு எது என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? நான் லிங்க்கில் 'இசட்' என்றே எழுதிவிட்டேன். எனக்குத் திறந்தது. வேறு யாருக்கும் திறக்கவில்லை.

மறுநாள் கணக்குப் பிரிவுத் தலைவர் வந்தார். ஒன்பது வருஷமாக என்னோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர். என் முகத்தைப் பார்த்ததில்லை.

"சார், லீவ் ஃபார்ம் திறக்கவே மாட்டேங்குது."

"எனக்குத் திறக்குதே சார்."

உண்மையைத்தான் சொன்னேன். அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

தவறு எங்கே என்று அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன். திருத்த ஐந்து நிமிஷம் போதும். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்புறம் நாளுக்குப் பத்து, இருபது பேர் வந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். பிஸ்கட் டப்பா வைத்தேன். யாருக்கு முட்டி வலி, யார் மாமியாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. "இப்பல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வர்றீங்களே, என்ன சங்கதி?" என்று மனைவி கேட்டாள். வேலை பிடித்துப்போய்விட்டது என்றேன். லிங்க்குகளைக் கூட்டிக்கொண்டே போனேன். இருநூற்றுப் பதினான்கு ஆயிற்று. எல்லாவற்றிலும் 'இசட்'. தீ விபத்துப் பயிற்சியன்று மணி அடித்ததும், வெளியேறும் வழிப் படம் கேட்டு நாற்பது பேர் என் மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். கட்டடத்தை விட்டு ஒருவரும் வெளியேறவில்லை. ஆனால் எல்லாருக்கும் பிரதி கிடைத்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அந்தப் பெண் வந்தாள். ஆறு மாதத் தகுதிகாண் நியமனம். கெட்டிக்காரி. ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டாள்.

"சார், இதுல உங்க டிரைவ் எழுத்து இருக்கு. சர்வர் பேரை முழுசா போட்டா எல்லாருக்கும் திறக்கும். நானே மாத்திடட்டுமா? உங்களுக்கும் தொந்தரவு மிச்சம்."

"தாராளமா மாத்தும்மா."

மாற்றினாள். மறுநாள் யாரும் வரவில்லை. பதினோரு நாள் யாரும் வரவில்லை. பிஸ்கட் நமத்துப்போயிற்று. லிஃப்டில் கணக்குப் பிரிவுத் தலைவர் மறுபடியும் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டாம் நாள், சர்வரில் அந்த ஃபோல்டருக்கு இருக்கிற முழுப் பெயரில் இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த ஓர் இடைவெளியை இரண்டாக்கினேன். அவ்வளவுதான். ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. இருநூற்றுப் பதினான்கு லிங்க்கும் நின்றுவிட்டன. அன்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆய்வுக்கு வருகிறார் என்பது எனக்குத் தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ் திறக்காமல், அவர் முன்னால் மேனேஜர் முக்கால் மணி நேரம் அசடு வழிந்தார். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

"நேத்து வரைக்கும் திறந்துச்சு சார்," என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள், பாவம். எழுத்து மாறியிருந்தால்தானே கண்ணில் படும்?

மேனேஜர் என்னைக் கேட்டார். நேராக ஃபோல்டருக்குள் போய்ச் சான்றிதழைத் திறந்து காட்டினேன். "எனக்குத் திறக்குதே சார்," என்றேன். கடைசியாகக் கை வைத்தது யார் என்றார். அந்தப் பெண்தான் என்றேன். மறுநாளே அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பெயர் மாற்றியவன் யார் என்று சர்வர் குறித்து வைக்கும் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறைக்கவில்லை. செய்தது நான்தான். ஆனால் கெடுதல் நினைத்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கிளம்புகிற அன்று அவள் என் மேசைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பணிவிலகல் படிவம் திறக்கவில்லையாம். உட்காரச் சொன்னேன், புது டப்பாவைப் பிரித்து நீட்டினேன், அவளுக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். "இங்க நீங்க ஒருத்தர்தான் சார் மனுஷனா நடந்துக்கிட்டீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள், ஐயா. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.