ஓடாத வண்டிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்

என் பெயர் ராஜலட்சுமி. வயது 36. கணவர் பெயர் முத்துமணி. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஆறு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் நான்காவது வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. சிப்காட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக ஸ்டோர்ஸ் கிளார்க்காக வேலை பார்க்கிறேன். மூன்று வயதில் போலியோ வந்ததால் என் இடது காலுக்குப் பலம் கிடையாது. தர்ஷினி என்று ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் கார் எரிந்தது சம்பந்தமாக 15.03.2009 அன்று இதே காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் சொன்னது பொய். இன்று 24.03.2009 செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நானாக வந்து ஆய்வாளர் முன்பு இதைச் சொல்கிறேன். இது எனக்கே எதிராகத் திரும்பும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

2005ஆம் வருடம் வரை பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வந்தேன். அந்த வருடம் ஆகஸ்டில் சிப்காட் சாலையில் ஒரு லாரி உரசியதில் ஸ்கூட்டர் கவிழ்ந்து, முன்னால் நின்றிருந்த தர்ஷினிக்குக் கை முறிந்தது. அதன் பிறகு என் கணவர், கரண்டில் ஓடும் சின்னக் கார் ஒன்று பெங்களூரில் விற்கிறார்கள் என்றும், அதில் கிளட்ச், கியர் இல்லை, வலது கால் மட்டும் போதும் என்றும் விசாரித்து வந்து சொன்னார். 2006 ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் இருவரும் போய்ப் பார்த்தோம். ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது பைசா செலவு என்று ஷோரூமில் இருந்தவர் சொன்னார். வருடா வருடம் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று நான் கேட்டதற்கு, முதல் வருடத்துக்கு விலையிலேயே சேர்ந்திருக்கிறது என்றார். பின்னால் விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டேன். "விக்கணும்னே உங்களுக்குத் தோணாது மேடம்" என்று சொன்னார். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் விலையில், இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு என் பெயரில் ஐந்து வருடக் கடன் போட்டு வாங்கினோம். ஓசூரில் அந்த வண்டிக்கு ஷோரூம் இல்லாததால், பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகன் முகவரியில் கர்நாடகப் பதிவு எண் வாங்கப்பட்டது.

எங்கள் லைன் வீட்டில் கார் நிறுத்த இடமும் சார்ஜ் போட வசதியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரான ஆஞ்சப்பன், வயது சுமார் 50, தன் மாட்டுக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். கரண்டுக்கும் சேர்த்து மாதம் நானூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். அதன் பிறகு இரண்டே முக்கால் வருடம் மகளைப் பள்ளியில் விட்டு, நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் நான் வெளியே போய் வந்தது என் வாழ்க்கையில் அந்த இரண்டே முக்கால் வருடம்தான்.

2008 அக்டோபரில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் ஒன்பது கிலோமீட்டர் ஓடியது. பிறகு அதுவும் இல்லாமல் ராயக்கோட்டை சாலையில் நின்றுவிட்டது, கயிறு கட்டி இழுத்து வந்தோம். பேட்டரி முழுவதையும் மாற்ற எண்பத்திரண்டாயிரம் ஆகும் என்று சர்வீஸில் சொன்னார்கள். எங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஹரீஷ்குமாரிடம் கேட்டதற்கு, தேய்ந்து போன பேட்டரிக்கு இன்சூரன்ஸில் எதுவும் கிடைக்காது என்றார். அந்தச் சமயம் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து என் கணவருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை இருந்தது. எனவே விற்றுவிடலாம் என்று முடிவு செய்து ஓசூரில் நான்கு புரோக்கர்களிடம் கேட்டோம். கர்நாடக நம்பர், கரண்டு வண்டி, பேட்டரி இல்லை என்று மூன்று பேர் வந்து பார்க்கவே இல்லை. நான்காவது ஆள் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல எல்லாம் பிளாஸ்டிக். இரும்பு எடைக்குக் கூடப் போகாதுங்க" என்று சொல்லி முப்பதாயிரம் கேட்டார். அந்த விலைக்கும் விற்க முடியவில்லை. பாக்கிக் கடன் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது, அதை முழுவதும் கட்டினால்தான் பெயர் மாற்றக் கையெழுத்துப் போடுவோம் என்று கடன் கொடுத்தவர்கள் சொன்னார்கள். கடன் இருக்கும் வரை இன்சூரன்ஸும் விடக்கூடாது என்றார்கள். பெங்களூர்ப் பதிவு என்பதால் அதிலும் தொகை கூடுதல். 2009 ஜனவரியில் என் கம்மலை அடகு வைத்து, ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டினேன். வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போய், இறங்கிய இடத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் நடந்தேன்.

22.02.2009 ஞாயிற்றுக்கிழமை காலை, பேரிகை சந்தையில் பசு வாங்கி வந்திருந்த ஆஞ்சப்பன் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். நாங்கள் இரண்டு மாதமாக அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. என் கணவர் தரக்குறைவாகப் பேசினார். அப்போது ஆஞ்சப்பன், "காசும் இல்ல, வண்டியும் நகரல. என் மாடு வெயில்ல நிக்குது சார். எடுக்கலேன்னா இந்த டப்பாவ நானே கொளுத்திப் போடுவேன்" என்று சத்தம் போட்டார். ஆறு வீட்டிலும் கேட்டது. அதன் பிறகு காரை எதிரில் உள்ள காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளியவர்களில் ஆஞ்சப்பனும் ஒருவர்.

08.03.2009 அன்று காலை ஏஜெண்ட் ஹரீஷ்குமார் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே என் பாலிசியைப் பிரித்து ஒரு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். "பாருங்கண்ணா, பேப்பர்ல வண்டி மதிப்பு ஒன்னு தொண்ணூறு. வித்தா முப்பது. முழுசாப் போயிட்டா ஒன்னு தொண்ணூறு. நான் ஒன்னும் சொல்லல, பேப்பர்ல இருக்கறதச் சொல்றேன்" என்றார். என் கணவர், தானாக எரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு அவர், "விசாரணை இழுக்கும். யாரோ கொளுத்தினதுன்னு எஃப்ஐஆர் இருந்தா சீக்கிரம் முடியும்" என்று சொன்னார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

15.03.2009 ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு என் கணவர், "நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு மலைக்கோயிலுக்குப் போயிட்டு வா. அஞ்சரைக்கு முன்ன வராத" என்று சொல்லி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார். வாசலில் அவர் பைக்கிலிருந்து பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். காரில் தர்ஷினியின் ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது. அதை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எதையும் எடுக்காத, எடுத்தா சந்தேகம் வரும்" என்றார். சரி என்று கிளம்பினேன். சுமார் ஐந்து மணிக்குக் கோயில் சுவரோரம் நிற்கும்போது சிப்காட் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. "அம்மா, எந்தக் கம்பெனில தீ?" என்று மகள் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு தேங்காய் உடைத்து, பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றினேன். என் காலுக்கு அதற்கு அரை மணி நேரம் ஆகும்.

வீட்டுக்கு வந்தபோது கார் அடிச்சட்டமாக நின்றது. ஆஞ்சப்பன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று மாலையே என் கணவர் ஆஞ்சப்பன் மீது சந்தேகம் என்று புகார் எழுதிக் கொடுத்தார். என்னிடம் விசாரித்தபோது, ஆஞ்சப்பன் கொளுத்துவேன் என்று மிரட்டியதைக் காதால் கேட்டேன் என்று சொன்னேன். அந்த ஒன்று மட்டும் உண்மை. மற்றபடி எனக்கு எதுவும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டேன். 17ஆம் தேதி காலை பால் கறந்துகொண்டிருந்தபோது ஆஞ்சப்பனை அழைத்துப் போனார்கள். 18ஆம் தேதி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து படம் எடுத்தார். வண்டி என் பெயரில் இருப்பதால் கிளெய்ம் படிவத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

20ஆம் தேதி மாலை ஆஞ்சப்பனின் மனைவி வெள்ளையம்மா என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரை விடச் சொல்லி மனு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். "அவரு சொன்னது நெசந்தாம்மா. அவரு வாய்தான் கெட்டது, கை கெட்டது இல்ல. அத மாதிரி எழுதும்மா" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். ஸ்டாம்ப் பேடு எடுத்து வந்து பெருவிரல் ரேகை வைக்கவும் உதவினேன். அந்த மனு இந்த நிலையத்தில்தான் இருக்கும். அதில் இருப்பது என் கையெழுத்து வடிவம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

22ஆம் தேதி என் கணவரிடம், நான் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வலது கை முடி கருகியதை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். "போ. நானும் உள்ள, நீயும் உள்ள. பிள்ளை எங்க போகும்? அருப்புக்கோட்டைல யாரு இருக்கா நமக்கு?" என்று கேட்டார். பிறகு அவர், "உனக்காகத்தான வாங்குனேன்" என்று சொல்லி அழுதார். அதுவும் உண்மை. இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் வேலை போகும், கணவர் ஜெயிலுக்குப் போவார், இல்லாத வண்டிக்கு இன்னும் இருபத்தொரு தவணை நிற்கும். சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் அந்தப் பசு காலையும் மாலையும் கத்துவதைக் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை என் கணவர் வேலைக்குப் போன பிறகு, தர்ஷினியை அழைத்துக்கொண்டு முதலில் வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். என் மகளை விட்டுப் போக இந்த ஊரில் எனக்கு வேறு இடம் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் என்னைக் கன்னத்தில் ஒரு முறை அடித்தார். அதன் பிறகு தர்ஷினியின் பள்ளிப் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன்.

ஆஞ்சப்பனுக்கும் கார் எரிந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிளெய்மைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் கொடுத்துள்ளேன். என் கன்னத்தில் உள்ள வீக்கம் பற்றி ஆய்வாளர் கேட்டார். அது குறித்து நான் புகார் எதுவும் கொடுக்க விரும்பவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். இந்த முறை இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) மு. ராஜலட்சுமி
24.03.2009, பகல் 12.40