எறிகாரனுக்குப் பொன்னாடை

உதை வெட்டும் பிள்ளை. மொன்றியல் தமிழரின்ரை முதல் பேஸ்போல் சிங்கம் எண்டு போட்டிருக்கிறீரே, அந்த வரியை. சிங்கமாம், மண்ணாங்கட்டியாம். விழா மலர் அடிக்கிறதெண்டால் ஆருக்காவது ஒரு மிருகத்தின்ரை பேர் வைக்காமல் உங்கடை சங்கத்துக்கு நித்திரை வராது.

விமலநாதனைப் பற்றி என்னட்டைக் கேக்க வந்தது சரிதான். உவனை ஊரிலை இருந்தே தெரிஞ்ச ஆள் இஞ்சை நான் ஒருத்தன்தான். அங்கை நான் கல்லூரி கிரிக்கெற் ரீமுக்குக் கப்டன். உவனும் பந்து போடுறன் எண்டு வந்து நிப்பான். எங்கை போடுறது, எறியிறது. முழங்கை மடங்கும். கையை மடக்கி எறிஞ்சால் நோபோல் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு மட்ச்சிலை ஒரே ஓவரிலை ஏழு நோபோல். அம்பயருக்குத்தான் பாவம், கை உளைஞ்சு போச்சு. நான்தான் ரீமாலை நிப்பாட்டினனான். எறிகாரன் எண்டு பட்டம் வைச்சதும் நான்தான். சிரிக்காதையும், உண்மையாய்த்தான்.

பேந்து எண்பத்தேழிலை இஞ்சை வந்து பாத்தால் அதே எறிகாரன், நான் வந்து இறங்கின வீட்டிலை. ரெண்டு அறை, ஒன்பது பேர். எல்லாரும் அகதி கேஸ் போட்டுட்டு, எப்ப திருப்பி அனுப்புவாங்களோ எண்டு கதவு தட்டினாலே நடுங்கின ஆக்கள். ரெண்டு பேரும் துறைமுகத்தடியிலை ஒரு வெயார்ஹவுஸிலை பெட்டி இறக்கினம். அங்கத்தை ஆக்களுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை பேஸ்போல் லீக். ஒருநாள் பந்து எறியிறவன் வரேல்லை. உவன் போய் நிண்டான்.

என்ன இருக்கு சொல்லும், பேஸ்போலிலை? பந்து நிலத்திலை குத்தத் தேவையில்லை. கையை எப்பிடியும் மடக்கி எறியலாம். ஊரிலை எதுக்கு நிப்பாட்டினதோ, அதுக்கு இஞ்சை கைதட்டு. ஆலையில்லா ஊரிலை இலுப்பைப்பூச் சக்கரை எண்டு சும்மாவே சொன்னவை?

சரி, எழுதத்தானே வந்தனீர், எழுதும். முதல் மட்ச்சிலை பதினொரு பேர் பந்தைத் தொடாமலே வெளியாலை போனவை. ஒவ்வொருத்தனும் மலை மாதிரி. மூண்டு தரம் காத்துக்கு வீசிப்போட்டு, தலையைச் சொறிஞ்சுகொண்டு போவாங்கள். எண்பத்தெட்டுக் கோடையிலை இருபத்திரண்டு மட்ச், பத்தொன்பது வெற்றி. ஓம், கணக்குச் சரி. ஸ்கோர் எழுதினது நான். சனம் மடக்குக் கதிரை கொண்டுவந்து இருந்து பாக்கும். விமல் எண்டு வாய் வராமல் வீமால், வீமால் எண்டு கத்துங்கள். கேக்க அருவருப்பாய் இருக்கும்.

நான் விளையாடேல்லை. வாங்கிலைதான் இருந்தனான். பட் பிடிக்கிற விதம் பிழையாம். கல்லூரிக் கப்டனுக்குச் சொல்லுறாங்கள். விடும், உது மலருக்குத் தேவையில்லை.

பேந்து ஏன் அவர் மேலை போகேல்லை எண்டு கேப்பீர், தெரியும். தோள் பழுதாய்ப் போச்சு, அவ்வளவுதான். எண்பத்தொன்பது ஆடியிலை ரொறொன்ரோவுக்குப் போனவன், ஒரு நிலக்கீழ் அறையிலை பத்து மாதம் ஒளிச்சிருந்து சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவினவன். ஒரு பந்து எறியேல்லை. பனியிலை சறுக்கி விழுந்து வலது தோள் கழண்டது. ஒழுங்கான டொக்டரிட்டைப் போகவும் பயம். திரும்பி வந்து எறிஞ்சு பாத்தான், பந்து பாதித் தூரம் போகேல்லை. ஒண்டரைக் கோடை எறிஞ்சவனுக்கு முப்பத்தாறு வருசம் கழிச்சுப் பொன்னாடையாம். உங்களுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லை.

ஏன் ஒளிச்சவனோ? உதை அவன் உம்மட்டைச் சொல்லேல்லையே? ஆச்சரியம்தான், தெருவிலை போறவனுக்கும் சொல்லுவான். இமிகிரேசன்காரன் வீட்டை தேடி வந்தவன். கழுத்துப்பட்டி, கையிலை பைல். விமலநாதன் இருக்கிறாரோ எண்டு கேட்டவன். அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு கதவிலை நிண்டு சொல்லி அனுப்பினது நான். அவன் வேலையாலை வந்த கையோடை ரொறொன்ரோ பஸ்ஸிலை ஏத்தி விட்டதும் நான். அடுத்தநாள் வேலையிடத்துக்கும் தேடிப் போனவனாம். ஆள் எங்கையெண்டு அங்கை ஒருத்தருக்கும் தெரியேல்லை.

அதுக்குத்தான் அந்த மோடன் இண்டைவரைக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரியிறான். ஒவ்வொரு நத்தாருக்கும் ஆத்துக்கு அங்காலை லொங்குய்யிலை இருந்து இந்த ரொக்ஸ்பரோ வரைக்கும் கேக் காவிக்கொண்டு வருவான். சைவக்காரன், நத்தாருக்கு! கையைப் பிடிச்சுக்கொண்டு, றெக்ஸ் அண்ணை, நீங்கள் இல்லாட்டில் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள், நான் அங்கை செத்திருப்பன் எண்டு அழுவான். மூத்தவனுக்கு என்ரை பேரைத்தான் வைச்சவன். பிள்ளை பிறந்த முப்பத்தொண்டுக்கு ஐயரைக் கூப்பிட்டு, றெக்ஸ் எண்டு. ஐயரே ரெண்டு தரம் கேட்டவராம். விசரன். ஒரு மனிசன் இன்னொருத்தனை இவ்வளவு நம்பலாமோ? அவன்ரை முகத்தைப் பாக்காமல் யன்னலைப் பாத்துக்கொண்டு இருப்பன் பிள்ளை. கேக்கை அப்பிடியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துப்போடுவன்.

இப்ப நீர் வந்து சொல்லுறீர், பொன்னாடையை நான்தான் போத்த வேணுமாம், அது அவன்ரை ஆசையாம். நான் மாட்டன். முழங்கால் வருத்தம் எண்டு சொல்லும். வேறை ஆரையும் பிடியும், தலைவர் இருக்கிறார்தானே, படம் எடுக்கிறதெண்டால் ஓடி வருவார்.

எத்தினை தரம் கேப்பீர், ஏன், ஏன் எண்டு? பேனையை மூடும். போனையும் அங்காலை வையும்.

அந்த வீட்டிலை பிரெஞ்சு வகுப்புக்குப் போனது நான் ஒருத்தன்தான். வந்தவன் பிரெஞ்சிலைதான் கதைச்சவன். குசினிக்கை நிண்டவங்களுக்குக் கழுத்துப்பட்டி தெரிஞ்சுது, கதை விளங்கேல்லை. ஆரெண்டு கேட்டாங்கள். நான் இமிகிரேசன் எண்டனான்.

அவன் காசுக்கு விளையாடுற பெரிய ரீம் ஒண்டின்ரை ஆள். மூண்டு ஞாயிறு வந்து, சனத்துக்கை நிண்டு விமலன் எறியிறதைப் பாத்தவனாம். வாற திங்கள் மைதானத்துக்கு வந்து எறிஞ்சு காட்டட்டாம், பிடிச்சால் உடனை எடுப்பமாம். சிரிச்ச முகம். நல்ல மனிசன். பைலைத் திறந்து கடிதத்தையும் என்ரை கையிலை தந்தவன். ரெண்டு பக்கம். வாசல்படியிலை நிண்டு, ஆறுதலாய், கடைசி வரி வரைக்கும் வாசிச்சனான். வாசிச்சு முடிச்சுத் திருப்பிக் குடுத்துப்போட்டுத்தான் பிள்ளை, அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை எண்டு சொன்னனான்.