பத்தாவது பெயர்

உப்பூர் ரோட்டில் ஜீப்பில் வந்திருக்கிறீர்கள். முதலில் முதுகெலும்பு முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. பிறகு இந்த மோரைக் குடியுங்கள். விசாரணை எங்கும் ஓடிப்போகாது. நானும் ஓட மாட்டேன். எனக்கு முழங்கால் வலி.

மொட்டைக் கடுதாசி வந்ததாகச் சொன்னீர்கள். மாதர் சங்கக் காரியதரிசி சோணையம்மாள், பிள்ளைகளுக்கு வந்த பால் பவுடரை டின் டின்னாகத் தின்றுவிட்டாள் என்று. அதை ஏன் மொட்டை என்கிறார்களோ தெரியவில்லை. எங்கள் ஊரில் 'துஷ்பிரயோகம்' என்ற வார்த்தையைப் பிழையில்லாமல் எழுதக்கூடியவர் ராமசுப்பிரமணியன் வாத்தியார் ஒருவர்தான். அவர் சம்சாரத்துக்குக் காரியதரிசி நாற்காலி மேல் ஒரு கண். போகட்டும். பவுடரை நான் தொடவில்லை. அந்த வாடையே எனக்கு ஆகாது. டின்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் திருடி இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்தது வேறு.

இந்த ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்புப் பற்றவைக்கும் முன்னாலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கமும் எனக்குக் கிடையாது. ஒரே ஒரு சங்கதியை மட்டும் ஒரு வருசமாக வயிற்றில் சுமக்கிறேன். பழக்கமில்லாத சுமை, வலிக்கிறது. பவுடரைத் தேடி வந்த நீங்கள் வெறுங்கையோடு போக வேண்டாம். இதை வாங்கிக்கொண்டு போங்கள்.

போன வருசம், ஐம்பத்தேழு ஐப்பசியில், தையல் நிலையத்துக்கு மானியம் தருகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. ஆளுக்கு ஒரு மெஷின், சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர், தலைக்கு மேலே ஓட்டுக்கூரை. நிபந்தனை ஒன்றுதான். ஊரில் ஆதரவற்ற விதவைகள் பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. மூன்று வருசம் மழை பொய்த்த ஊர் இது. நெல் குறைந்தது, தண்ணீர் குறைந்தது, சரி. விதவைகூடவா குறைய வேண்டும்?

ஒன்பது பெயரை எழுதிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கிளார்க்குத் தம்பி. மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். பட்டியலை விரலால் தட்டித் தட்டி எண்ணினார்.

"ஒண்ணு குறையுதேம்மா."

"ஒம்பது பேரும் உண்மையிலேயே கஷ்டப்படுறவுக தம்பி. பஞ்சம்மாளுக்குக் கை நடுங்குது, இனிமே நாத்து நட ஏலாது."

"கஷ்டத்துக்கு இதுல கட்டம் இல்லையே. பத்துன்னு போட்டிருக்கு. இல்லாட்டிப் பக்கத்து ஊருக்குப் போயிரும். கார்த்திகைக் கடைசி வரைக்கும் டயம் இருக்கு. அதுக்குள்ள யாராவது ஒருத்தி ஆகாமலா போயிருவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். ஆனால் வேடிக்கையாகச் சொன்ன வார்த்தை, பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர் வரைக்கும் வந்தது.

அந்த மாதம் நான் எல்லார் வீட்டுப் புருசன்மாரையும் நலம் விசாரித்தேன். ஊரே உருகிப்போனது. "சோணைக்கு எம்புட்டுக் கரிசனம்" என்றார்கள். பன்னிரண்டு வருசமாக இளைப்பு நோயில் இழுத்துக்கொண்டு கிடந்த நாகநாதன், நான் விசாரிக்கப் போன மறுவாரம் எழுந்து வரப்பு வெட்டப் போய்விட்டார். என் கைராசி அப்படி.

என் வீட்டுக்காரர் வீரபத்திரன் கிளைத் தபாலாபீஸ் நடத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நடத்துவது என்றால், முத்திரை குத்துவார். கடுதாசியைப் படித்துச் சொல்வது, எழுதிக்கொடுப்பது எல்லாம் நான். தேவகோட்டையில் எட்டாவது வரை படித்தவள். இந்த ஊர்ப் பெண்களுக்குப் புருசன் பேசுவது என் குரலில்தான். கொழும்பில் இருப்பவன் "கண்ணே" என்று எழுதியிருந்தாலும் நான்தான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். செய்தேன். பொதுக்காரியம்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள் பூமயிலுக்குக் கடுதாசி வந்தது. இருபத்திரண்டு வயசு. களை எடுக்கிற கூலிக்காரி. புருசன் கூத்தையா, கொழும்பில் சதக்கத்துல்லா என்பவருடைய அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமாகி நாலு வருசத்தில் இருவரும் சேர்ந்திருந்தது நாலு மாசம். பிள்ளை இல்லை. அவனுக்கு அண்ணன் தம்பி இல்லை, அவளுக்கு அப்பன் ஆத்தாள் இல்லை. இருந்திருந்தால் நான் வேறு யாரையாவது பார்த்திருப்பேன்; எனக்கும் யோசனை உண்டு.

கடுதாசியைப் பிரித்தேன். தையில் வருகிறேன், இனி திரும்பிப் போகமாட்டேன், ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம், சிவப்புக் கட்டம் போட்ட சேலை எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். நல்ல கையெழுத்து. மண்டிக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொடுத்தது.

பூமயில் வாசற்படிக்குக் கீழே நின்றாள். அவளுக்கு எழுத்தில் ஒன்றே ஒன்று தெரியும். நல்ல சேதி என்றால் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். சாவுச் சேதிக்குச் சுழி போடமாட்டார்கள். கடுதாசி வந்தால் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

"அக்கா, சுழி இருக்கா?"

நான் தலைப்பை உள்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டேன். "இல்லையே தாயி" என்றேன்.

அவ்வளவுதான். வேறு எதையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீதியை அவளே அழுதுகொண்டாள். மூட்டை சரிந்து விழுந்தது என்று மட்டும் சேர்த்தேன். கேட்கிறவர்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே. எழவுக் கடுதாசியை வீட்டில் வைக்கக் கூடாது, படித்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும் என்பது முறை. முறைப்படி கிழித்தேன். நம் பெரியவர்கள் எதையும் காரணமில்லாமல் செய்யவில்லை.

பதினாறாம் நாள் ஊருணிக் கரையில் தாலி இறக்கினார்கள். நான்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சேலை சங்கத்திலிருந்து கொடுத்தோம். பஞ்சம்மாள் தன் கை நடுக்கத்தோடு அவள் தலையைத் தடவி, "ஏத்தா சோணை, நீ இல்லாட்டி இந்த அநாதைக்கு யாரு இருக்கா?" என்றாள். உண்மைதான். யாரும் இல்லை என்பதைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தேன்.

கார்த்திகை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பத்துப் பெயரோடு பட்டியலைக் கொடுத்தேன். கிளார்க்குத் தம்பி எண்ணிப் பார்த்து, "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

இனி தையில் கூத்தையா வந்துவிடுவான். அதற்கும் ஒரு கடுதாசி போதுமாக இருந்தது. சுழி போடாமல், மூலையில் கரி தடவி, பூமயில் வாந்திபேதியில் மூன்றே நாளில் போய்விட்டாள், காரியம் எல்லாம் ஊரார் செய்து முடித்தோம், இங்கே உனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று எழுதினேன். அவன் பதில் போட்டான். 'பெத்த தாய் மாதிரி கூட இருந்து பார்த்தீங்களே, உங்களுக்கு எந்த ஜென்மத்தில் கடன் தீர்ப்பேன்' என்று எனக்கு. பாவம், நல்ல பிள்ளை. அவனும் என் கடுதாசியைப் படித்த இடத்திலேயே கிழித்திருப்பான். முறை தெரிந்தவன்.

பங்குனியில் திறப்பு விழா. நீங்கள்தானே ரிப்பன் வெட்டினீர்கள்? பூமயில் உங்களுக்கு மாலை போட்டாள். "இந்தச் சின்ன வயசிலயா!" என்று நீங்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். இதோ, இந்தத் தையல் நிலையத்துக்கு உள்ளேதான் சுவரில் மாட்டியிருக்கிறோம். என் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை. என் புருசன் உயிரோடு இருக்கிறார். எனக்குத் தகுதி இல்லை. இதில் எனக்கு என்ன லாபம் என்று உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத முடியுமா, பாருங்கள்.

பூமயில் நன்றாகத் தைக்கிறாள், அம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அவள் கையில் தைத்தது. வெயிலில் குனிந்து களை எடுத்தவள், நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கூத்தையாவின் உழவு மாடு அவளை நாற்காலியில் உட்கார வைத்திருக்குமா?

ஆடி அமாவாசைக்குச் சங்கத்துப் பெண்களை ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு. புண்ணியம் தேடிப் போகிற இடத்தில் யார் யார் வருவார்கள் என்று யோசித்திருக்க வேண்டும்.

அக்னி தீர்த்தத்தில் கடல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. எள்ளும் தர்ப்பையும் காலில் ஒட்டிக்கொண்டு மிதந்தன. பத்துப் பேரும் நானும் முழுகி எழுந்து, ஈரத்தோடு கரையைப் பார்த்துத் திரும்பினோம். பூமயில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா. அவுக."

பார்த்தேன். இருபது முழத்துக்கு அப்பால், இடுப்பளவு தண்ணீரில் கூத்தையா. முகம் மழித்து, கையில் பிண்டத்தோடு நின்றான். செத்த பெண்டாட்டிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கொழும்பிலிருந்து தலைமன்னார் வந்து, கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி வந்திருக்கிறான். எனக்கு அப்போது வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. எத்தனை வருசப் பழக்கம், வரவில்லை.

அவளே சொன்னாள். "வந்துட்டாக அக்கா. இன்னைக்குத்தானே வருவாக. தண்ணி வாங்க வந்துட்டாக."

செத்தவர்கள் அமாவாசையன்று கரைக்கு வந்து நிற்பார்கள் என்பது நம் ஜனங்களுக்குத் தெரிந்ததுதானே. அவனும் பார்த்துவிட்டான். வெள்ளைச் சேலையில், நனைந்த தலைமுடியோடு, அவள். ஓடி வருவான் என்று நினைத்தேன். அசையவில்லை. கையிலிருந்ததைத் தண்ணீரில் விட்டான், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். உயிரோடு இருக்கிற பெண்டாட்டியை எவனும் அப்படிக் கும்பிடமாட்டான்.

"மெலிஞ்சு போயிட்டாக" என்றாள் பூமயில். "கூப்பிடவா அக்கா?"

"கூப்பிடாதே. வந்தவுகளைக் கூப்பிடக் கூடாது. திரும்பிப் பார்க்காம நட."

அது நான் சொன்னதுதான். முழுகி எழுந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் முறைதான், நான் இட்டுக்கட்டவில்லை. பஞ்சம்மாள் பின்னால் வந்துகொண்டே, "ஏத்தா, அந்தா நிக்கிறவன் கூத்தையா சாயல்ல இல்ல?" என்று கேட்டாள். "சாயல்தான்" என்றேன். ரயிலில் பூமயில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நாலு மாசமே பார்த்த முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்ட சந்தோசம். அந்தச் சந்தோசத்தையும் நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று நினைத்தால் தப்பா?

புரட்டாசியில் கொழும்பிலிருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்தது. மண்டி முதலாளி சதக்கத்துல்லா எழுதியது. ராமேஸ்வரம் போய்வந்த நாளிலிருந்து கூத்தையா சரியாகச் சாப்பிடவில்லையாம். 'பூமயிலைப் பார்த்தேன், கடல்ல தனியா நிக்கிறா, நான் போகணும்' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். ஒருநாள் காலையில் வேலைக்கு வராமல் துறைமுகத்துப் பக்கம் போனவன், மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். 'அவருக்கு உறவென்று யாரும் இல்லை, தாய் போன்றவர் என்று உங்கள் விலாசத்தைத்தான் வைத்திருந்தார், அதனால் எழுதுகிறேன்' என்று முடித்திருந்தார்.

அதைப் பூமயிலுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது? அவளுக்கு அந்தச் சேதியைப் போன கார்த்திகையிலேயே சொல்லியாகிவிட்டது. ஒரே சாவுக்கு ஒருத்தியை இரண்டு தடவை அழவைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் ஈரம் உண்டு.

உங்கள் பேனா நின்றுவிட்டது. மோரும் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் உள்ளே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. மெஷின் சத்தம் கேட்கிறது பாருங்கள், அவளுடையதுதான்.

ஆனால் சோதிக்க வந்தவர்கள் பட்டியலைச் சரியாகச் சோதித்துவிட்டுப் போங்கள். பத்துப் பேர் என்று எழுதினேன், பத்துப் பேரும் இன்றைக்கு விதவைகள்தான். ஒரே ஒரு பெயருக்கு நேராகத் தேதி மட்டும் பத்து மாசம் முன்னால் விழுந்திருக்கிறது. அதை எழுத்துப்பிழை என்று போட்டுக்கொள்ளுங்கள், அம்மா. இங்கே நானே திருத்திக் கையெழுத்து வைத்துத் தருகிறேன்.