பாதிப் படம்

எங்கள் வீட்டில் நல்ல கேமரா உள்ள போன் அண்ணியுடையது மட்டும்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் அறிவரசன் வாங்கி அனுப்பியது. என்னுடையதில் எடுத்தால் முகம் மாவு பூசினாற்போல விழும். அதனால் எனக்கு ஒரு படம் வேண்டுமென்றால் அண்ணியின் போனைத்தான் எடுப்பேன். கேட்டும் எடுப்பேன், கேட்காமலும் எடுப்பேன். அண்ணி வெற்றிச்செல்வி அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார்.

என் பெயர் ஆர்த்தி. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பெரம்பலூர் சுதர்சனுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் அம்மா, அண்ணி, நான், அண்ணியின் மகள் முத்தமிழ். அவளுக்கு மூன்று வயது. போன ஐப்பசியில் எங்கள் கொல்லைக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் விழுந்து இறந்துபோனாள்.

அண்ணி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை கொல்லைக் கதவு வழியாக வெளியே போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. துக்கத்துக்கு வந்தவர்கள், "பெத்தவளுக்குக் கதவைச் சாத்தத் தெரியாதா" என்று அண்ணியின் காதில் விழும்படியே பேசினார்கள். அம்மாவும் பேசினாள். நான் பேசவில்லை. அண்ணியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, நாக்கு வறளும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி தேம்பிக்கொண்டே ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஆர்த்தி, பாப்பாவைப் பாத்துக்கன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே குளிக்கப் போனேன்?"

"எங்கிட்ட சொல்லலயே அண்ணி. சொல்லணும்னு மனசுல நெனச்சிருப்பீங்க."

இரண்டு மூன்று நாளில் அவரே, "நெனச்சிருக்கேன், சொல்லாம போயிட்டேன்" என்று வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

குழந்தையின் படத்துக்கு மாலை போட வேண்டும் என்று போனைத் திறந்தபோதுதான் அண்ணிக்கு அது தெரிந்தது. ஒரு படம்கூட இல்லை. பிறந்த அன்று துணியில் சுற்றி எடுத்ததிலிருந்து எல்லாம் அந்த போனின் மெமரி கார்டில்தான் இருந்தன. அண்ணனிடமும் அதிகம் இல்லை. தினமும் வீடியோ காலில் பார்க்கிற பிள்ளைக்குப் படம் எதற்கு என்று இருந்துவிட்டார். பிறந்தநாள் படங்கள் சில மட்டும் அவருடைய வாட்ஸ்ஆப்பில் கிடந்தன. அவற்றில் ஒன்றைத்தான் சட்டம் போட்டோம்.

"என் கைதான் பட்டிருக்கும். அன்னிக்கு யார் யாருக்கோ போன் போட்டேன். எதை அமுக்குனேன்னே தெரியல. பிள்ளையையும் தொலைச்சேன், போட்டோவையும் தொலைச்சேன்."

"வேணும்னா செஞ்சீங்க? விடுங்க அண்ணி," என்றேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் பிரேமை எனக்குத் தெரியும். அவருக்கு போன் செய்தது நான்தான். அண்ணி வற்புறுத்தினார், செய்யாமல் இருந்தால் தப்பாகத் தெரியும்.

"அழிஞ்ச போட்டோ உடனே போயிடாதுங்க," என்றார் பிரேம். "அது இருந்த எடம் காலின்னு கார்டு நெனச்சுக்கும், அவ்வளவுதான். அதுமேல வேற ஏதாவது வந்து உக்காந்தாத்தான் போவும். தீபாவளி முடிஞ்சு கடையைத் திறக்கிறேன், கொண்டாங்க. அதுவரைக்கும் அந்தக் கார்டுல புதுசா ஒண்ணும் ஏத்திடாதீங்க. எல்லாமே வந்துரும்."

எல்லாமே வந்துரும் என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அண்ணியிடம் பாதியைத்தான் சொன்னேன். தீபாவளி கழித்து வரச் சொன்னார் என்று மட்டும். பிறகு, "சாமி பாட்டு கேட்டா மனசு கொஞ்சம் லேசாகும் அண்ணி, ஏத்தித் தரேன்" என்று போனை வாங்கினேன். அண்ணி உடனே கொடுத்துவிட்டார். சிறுவாச்சூர் காளியம்மன் பாட்டுகளை ஏற்றினேன். பாட்டு அதிக இடம் பிடிக்காது. அதனால் கோயில் வீடியோக்களையும் முழுநீளச் சினிமாக்களையும் ஏற்றினேன். இடம் இல்லை என்று போன் சொல்லும் வரைக்கும் ஏற்றினேன். அந்த நாட்களில் அண்ணி போனை நெஞ்சின்மேல் வைத்துப் பாட்டுக் கேட்டபடியே தூங்கிப்போவார். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்பார். நான் செய்தவற்றில் எதை நினைத்தால் அதிகம் வெட்கமாக இருக்கிறது என்று கேட்டால், இந்தப் பாட்டுகளைத்தான் சொல்வேன்.

தீபாவளி முடிந்து இருவரும் அரியலூர் போனோம். பிரேம் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அண்ணியை உட்காரவைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க இது, கார்டு முழுக்க சினிமாவா ஏத்தி வச்சிருக்கீங்க. போன்லயே சொன்னேனே, எதையும் ஏத்தாதீங்கன்னு."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலயே," என்றேன்.

பிரேம் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில், "ஒண்ணே ஒண்ணு கெடைக்குது. அதுவும் பாதிதான்" என்று திரையை அண்ணியின் பக்கம் திருப்பினார்.

மேலே வானம். அதன் கீழே என் சிரித்த முகம். என் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு முத்தமிழின் நெற்றியும் கண்களும், மஞ்சள் ரிப்பன் கட்டிய குடுமியும். அவள் மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அண்ணி திரையைத் தொட்டார். பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல விரலை அந்த ரிப்பன்மேல் வைத்திருந்தார்.

"இந்த ரிப்பன் அன்னிக்குக் காலையில நான் கட்டுனதுல்ல?"

"அதே மாதிரி ரெண்டு இருந்துச்சுல்ல அண்ணி. இது கோயிலுக்குப் போனப்ப எடுத்தது."

"ஆமா," என்றார். படத்தை போனில் போட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பாட்டுக் கேட்கவில்லை.

அந்தப் படத்தின் கீழ்ப் பாதியில் என்ன இருந்தது என்பதை நான் ஒருத்திதான் சொல்ல முடியும். என் இடுப்பில் உட்கார்ந்திருந்த முத்தமிழின் கால்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் இருந்தது. மழைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தின் தண்ணீர் படத்தில் அவ்வளவு அழகாக விழும். சுதர்சன் படம் கேட்டிருந்தார். அண்ணி என்னிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனதும், போனையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். கட்டிக்கப் போகிறவருக்கு அனுப்பும் படம், குழந்தையோடு எப்படி அனுப்புவது என்று அவளை இறக்கிவிட்டேன். தனியாக எடுத்தேன். எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

திரும்பினேன். அவளுடைய கை மேலே தெரிந்தது. எனக்கு நீந்தத் தெரியாது, அது உண்மை. கூப்பிடு தூரத்தில் இருசம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியும். அன்று சாயங்காலம் குழந்தையை வெளியே எடுத்ததும் அவர்தான். நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், குழந்தையை இங்கே எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள் என்று தோன்றியது. மாப்பிள்ளை வீட்டுக்கு இது போகும் என்று தோன்றியது. அத்தை என்று ஒரு தடவை கேட்டதுபோலவும் இருந்தது. இதெல்லாம் தோன்றி முடிவதற்குள் தண்ணீர் அசையாமல் ஆகிவிட்டது. பிறகு கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்தேன். குளியலறையில் அண்ணி தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தில் எடுத்த படங்களை மட்டும்தான் அழிக்க நினைத்தேன். அவசரத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டேன், அழிந்தவை போய் விழும் இடத்தையும் காலி செய்துவிட்டேன். அது மட்டும் உண்மையிலேயே கைதவறி நடந்தது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அண்ணன் வந்து, இருந்து, போகும்போது அண்ணியைக் கல்லங்குறிச்சியில் அவர் அம்மா வீட்டில் விட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி வாழ முடியாது என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தது நான்தான். தை மாதம் என் கல்யாணம் நடந்தது. அதற்கு அண்ணியை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். தினமும் காலையில் அண்ணியிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் அந்தப் பாதிப் படம் வருகிறது. கூட ஒரு வார்த்தை இருப்பதில்லை. நானும் கும்பிடும் கைகளை மட்டும் பதிலாக அனுப்புகிறேன். இவ்வளவு நடந்த பிறகும் என்மேல் வைத்த பாசத்தை அண்ணி விடவில்லையே என்று நினைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.