பந்து வாத்தியார் மாதேஸ்வரனார்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நம் நாட்டுத் தலைவர் பட்டக்காரர் சின்னுசாமி அவர்களே, பள்ளிக் குழுப் பெரியவர்களே, மழையில் நனைந்து நடந்து வந்திருக்கும் திண்ணனூர் நாட்டு மக்களே, பந்தாட்டக் குழுப் பிள்ளைகளே, வணக்கம்.

என் கணவரைப் பற்றி நானே பேச எழுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தவறில்லாமல் பேசப்பட வேண்டும் என்பதற்காகவே எழுந்தேன். முன்னே பேசியவர் அவரை விளையாட்டு வாத்தியார் என்றார். விளையாட்டாக அவர் எதையும் செய்ததில்லை. நீங்கள் வைத்த பெயரே சரி: பந்து வாத்தியார்.

திருச்சியில் கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்கு ஆடியபோது, பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸ் கால்களுக்கு நடுவே வெறுங்காலோடு பந்தை எடுத்துச் சென்றவர் அவர். முழங்கால் ஒடிந்தது. இனி ஆட்டமே இல்லை என்றார்கள். இல்லாமல் போயிற்றா? இந்த மலைக்கு வந்தார். கல் பொறுக்கி மைதானம் ஆக்கினார்.

பேளுக்குறிச்சியில் நம் குழுவின் முதல் ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். பந்தோடு எவர் எதிரே வந்தாலும் நம் பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். "ஏனுங்க, பந்தாட வந்தீங்களா, மாப்பிள்ளை அழைக்க வந்தீங்களா?" என்று சந்தைக் கூட்டம் சிரித்தது. தோற்று மலையேறும்போது, அன்று தடுத்தாட வேண்டியவரான அப்பாசாமியிடம் இவர் காரணம் கேட்டார். அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது: மலைத்தடத்தில் சுமையோடு வருபவருக்கு வழிவிட்டே பழகிய கால்கள், பந்தோடு வருபவனுக்கும் தாமாக விலகிவிட்டன! வேறொருவர் என்றால் மலைக்காரருக்கு ஆட்டம் வராது என்று கைகழுவியிருப்பார். இவர் சொன்னது இது:

"நல்ல வழக்கம் சாமி, விட்டுராதே. ஆனா களைச்சு வர்றவன் சுமையை நாமளே வாங்கிக்கறதும் உண்டல்ல? பந்தையும் அப்படி வாங்கு. அவன் மேல இடிக்காம வாங்கு."

இடிக்காமல் பந்தை வாங்கும் குழு என்று சேலம் வரை பெயர் வந்தது. மறுவருடம், சிரித்த சந்தையே எழுந்து நின்று பார்த்தது. பின்னொரு முறை நம்மவன் ஒருவன் எதிராளியின் காலைத் தட்டிவிட்டுப் பந்தை அடித்து வென்றான். நடுவர் பார்க்கவில்லை. இவர் தாமே போய்ச் சொல்லி வெற்றியை விட்டுக்கொடுத்தார். அந்தக் கோப்பை இன்று வேறு ஊரில் இருக்கிறது. அதில் எனக்குள்ள பெருமை கொஞ்சமல்ல.

வரும் சந்தை நாளில் பேளுக்குறிச்சியில் ஆட்டம். துக்கத்தினால் போவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. குழுத் தலைவன் செல்லமுத்து நேற்று வந்து, "அவரில்லாம எறங்கிப் போயி என்னங்கம்மா பண்றது? கோட்டோரம் திரும்பிப் பாத்தா ஆரு நிப்பாங்க?" என்று அழுதான்.

அழு, கண்ணு. ஆனால் போகாவிட்டால் என்ன ஆகும்? மலைக்குழுவை அழையுங்கள் என்று கேட்டு அவர் எத்தனை வாசல் ஏறினார்! வராதவர்களைப் பேளுக்குறிச்சிக்காரர்கள் மறுபடி அழைப்பார்களா? வாத்தியாரோடு குழுவும் போயிற்று என்று பேசப்படவா அந்தக் காலோடு மலை ஏறி இறங்கினார்?

துக்க வீட்டுப் பெண் வெளியே கிளம்பலாமா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். பட்டக்காரர் அவர்களே, சந்தை நாள் விடியலில் பிள்ளைகளோடு நானும் இறங்குகிறேன். கோட்டோரம் நான் நிற்பேன். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் யார் நேர்மையாக ஆடுகிறார்கள் என்று பார்க்கத் தெரியும்.

செல்லமுத்து, பந்துக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போ. காலையில் பயிற்சிக்கு ஒருவரும் தாமதிக்கக் கூடாது.